தேசிய சம்மேளனம் தடைபட்டால் வன்னியில் யாருக்கு அடி?

2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையின் மூன்று விளையாட்டு அமைப்புகளைச் சர்வதேச அமைப்புகள் இடைநிறுத்தின. ஜனவரியில் உதைபந்தாட்டம், மே மாதம் றக்பி, நவம்பரில் கிரிக்கெட். "அரசாங்கத் தலையீடு", "மூன்றாம் தரப்புச் செல்வாக்கு", "இடைக்கால நிர்வாகக் குழு" என்ற சொற்கள் செய்திகளில் மாறி மாறி வந்தன. படித்த பலருக்கு இரண்டு கேள்விகள் மிஞ்சின. நிர்வாகத்தைத் துப்புரவாக்குகிறேன் என்று அமைச்சர் ஒருவர் இறங்கினால், வெளிநாட்டில் இருக்கிற அமைப்புக்கு அதில் என்ன வேலை? அப்புறம், கொழும்பில் கதிரைக்கு நடக்கும் சண்டையால் வன்னியின் ஒட்டுசுட்டானில் பந்தடிக்கும் பிள்ளைக்கு என்ன வரப்போகிறது?

இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டாவது கேள்விக்கான பதில்தான் வன்னியில் இருக்கிற எங்களுக்கு முக்கியம். ஆனால் முதலாவதைத் தாண்டாமல் அதற்குப் போக முடியாது.

கிளித்தட்டும் கரப்பந்தும்

கிளித்தட்டு விளையாடக் கோடு கீறும்போது எத்தனை தட்டு என்பதை அன்றைக்கு வந்திருக்கிற ஆட்களின் தொகைதான் தீர்மானிக்கும். நடுக்கோட்டில் ஓடும் கிளிக்கு எதுவரை உரிமை, பழம் எப்போது கணக்கு என்பதெல்லாம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஒரே ஊருக்குள் இதனால் பிரச்சினை இல்லை. இரண்டு ஊர் மோதினால் விளையாட்டு தொடங்குமுன் விதியைப் பேசி முடிக்க வேண்டும். சில நேரம் அந்தப் பேச்சிலேயே பொழுது சாய்ந்துவிடும்.

கரப்பந்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. மைதானம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24 மீற்றர். மாங்குளத்திலும் இதுதான், பிரேசிலிலும் இதுதான். யாரோ ஒருவர் விதியை எழுதி, எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டு, மீறினால் தீர்ப்புச் சொல்லவும் ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். ஒழுங்கமைக்கப்பட்ட விளையாட்டு என்பது இதைத்தான். அந்த ஒழுங்கை ஒரு நாட்டுக்குள் கொண்டுவந்து நடத்தும் அமைப்பே தேசிய விளையாட்டுச் சங்கம். சில விளையாட்டுகளில் அதைச் சம்மேளனம் என்பார்கள், சிலவற்றில் சபை என்பார்கள். வேலை ஒன்றுதான்.

இது அரசாங்கத் திணைக்களம் அல்ல. குழப்பம் தொடங்குவதே இங்கேதான். கழகங்கள் சேர்ந்து லீக்காகவோ மாவட்டச் சங்கமாகவோ ஆகின்றன. அவை சேர்ந்து தேசிய சங்கமாகின்றன. தேசிய சங்கங்கள் சேர்ந்து கண்டத்துக்கும் உலகத்துக்குமான சம்மேளனங்களாகின்றன. உதைபந்தாட்டத்தில் உலக அமைப்பான பீஃபாவுக்கு 211 உறுப்புச் சங்கங்கள். 1939இல் தொடங்கிய இலங்கைச் சம்மேளனம் 1952இல் அதில் சேர்ந்தது. அதாவது பீஃபாவின் உறுப்பினர் இலங்கை அரசாங்கம் இல்லை, அந்தச் சம்மேளனம். ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர் அதன் யாப்பை மீறினால் சங்கம் அவரை நிறுத்தி வைக்கும். தடை என்று செய்தியில் வருவது இதுதான். நாட்டின் இறைமையில் யாரும் கை வைக்கவில்லை.

அதன் கையில் இருக்கும் வேலைகள்

1. விதிகளை நாட்டுக்குள் அமுல்படுத்துவது. உதைபந்தாட்ட விதிகளை வகுக்கும் சபை 1886இலிருந்து இருக்கிறது, பீஃபாவைவிட மூத்தது. தேசிய சங்கம் விதியை எழுதுவதில்லை, எழுதியதை இங்கே நடைமுறைக்குக் கொண்டுவருகிறது.

2. போட்டி நாட்காட்டியும் தேசிய அணியும். எந்தக் கிண்ணத்துக்கான போட்டி எப்போது, எந்த அணி எந்தத் தரத்தில், நாட்டுக்காக யார் ஆடுவது.

3. நடுவர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் தகைமை வழங்குவது. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் சி, பி, ஏ தரப் பயிற்றுநர் சான்றிதழ்களுக்கான வகுப்புகள் தேசிய சம்மேளனத்தின் ஊடாகத்தான் நடக்கின்றன.

4. ஒழுக்காறும் ஊக்கமருந்துக் கட்டுப்பாடும். ஊக்கமருந்துக்கு 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நாட்டில் தனி முகவரகம் இருக்கிறது. வீரர்கள் அதன் சோதனைக்குக் கட்டுப்படுவதைச் சங்கங்கள் உறுதிசெய்ய வேண்டும்.

5. வீரர் பதிவு.

கடைசியாக வருவதுதான் வெளியே தெரியாத வேலை. மற்ற எல்லாவற்றையும் தாங்குவதும் அதுதான். ஒரு பதிவுப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். கடவுச்சீட்டு அளவுப் படம், பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், கழகத்தின் முத்திரை, செயலாளர் கையெழுத்து. முன்பு வேறு கழகத்தில் ஆடியிருந்தால் அங்கிருந்து விடுவிப்புக் கடிதம். ஒரு பக்கத் தாள்தான். ஒருவரை 'நன்றாக ஆடுகிற பெடியன்' என்ற நிலையிலிருந்து 'பதிவுபெற்ற வீரர்' என்ற நிலைக்கு மாற்றுவது அந்தத் தாள். அது இல்லாவிட்டால் அடித்த கோல் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. இன்னொரு நாட்டுக் கழகம் அவரைக் கேட்டால் இடமாற்றச் சான்றிதழ் தேசிய சம்மேளனத்திலிருந்துதான் போக வேண்டும்.

வன்னியில் இந்தத் தாளில் சிக்கும் இடம் பெரும்பாலும் பிறந்த திகதி. இடம்பெயர்வில் ஆவணங்களைத் தொலைத்த குடும்பங்கள் பல. 2008, 2009இல் பிறந்த பிள்ளைகளில் சிலருக்குப் பிறப்பே காலங்கடந்துதான் பதிவானது. வயதுப் பிரிவுப் போட்டியில் எதிரணி ஆட்சேபித்தால் பிள்ளை நல்லவனா கெட்டவனா என்று யாரும் பார்ப்பதில்லை, சான்றிதழில் இருக்கும் எண்ணைத்தான் பார்ப்பார்கள். பிரதேச செயலகத்தில் பிரதியை முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கும் கழகங்கள் இந்த இடத்தில் தப்பிக்கொள்ளும்.

ஒரு பிள்ளை, இரண்டு ஏணிகள்

இலங்கையில் விளையாட்டு ஒரே ஏணியில் ஏறுவதில்லை. இது விளங்கினால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது அரச ஏணி. விளையாட்டுத்துறை அமைச்சு, விளையாட்டு அபிவிருத்தித் திணைக்களம், மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தர், பிரதேச செயலகம். தேசிய விளையாட்டு விழாவுக்கு பிரதேசம், மாவட்டம், மாகாணம் என்று படிப்படியாகப் போவது இந்த வழியில். மைதானம் திருத்துவதும் பார்வையாளர் அரங்கு கட்டுவதும் பெரும்பாலும் இந்தப் பக்கத்து நிதியில். பாடசாலைப் போட்டிகள் கல்வி அமைச்சின் கீழ் வேறொரு கிளையாக ஓடுகின்றன.

இரண்டாவது சம்மேளன ஏணி. கழகம், லீக், தேசிய சம்மேளனம், ஆசியக் கூட்டமைப்பு, உலக அமைப்பு. உதைபந்தாட்டத்தில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி லீக்குகள் இந்த ஏணியின் கீழ்ப் படிகள். தேசிய அணிக்கும் சர்வதேசப் போட்டிக்கும் வாசல் இந்தப் பக்கத்தில் இருக்கிறது.

உதாரணத்துக்கு ஒட்டுசுட்டானில் 16 வயதுப் பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலையில் பாடசாலை அணிக்கு ஓடுகிறார். மாலையில் ஊர்க் கழகத்துக்கு ஆடுகிறார். விளையாட்டு விழா வந்தால் பிரதேச அணிக்கு இறங்குகிறார். ஒரே சப்பாத்துத்தான், ஆனால் மூன்று அதிகாரங்களின் கீழ் ஆடுகிறார். பாடசாலையில் மாகாண மட்டம் வரை போயும் லீக்கில் பதிவே இல்லாமல் இருக்கலாம். பாடசாலையை விட்டு விலகும் நாளில் அவருக்கு இரண்டாவது ஏணியில் ஒரு படிகூட இருக்காது. வன்னியில் திறமை காணாமல் போகும் இடம் இதுதான் என்பது என் எண்ணம். திறமை குறைந்து போவதில்லை. ஏணி மாறும் இடத்தில் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. பெண்பிள்ளைகளுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரியது, ஏனென்றால் பாடசாலைக்கு வெளியே அவர்களுக்கென்று அணி வைத்திருக்கும் கழகங்கள் குறைவு.

சட்டம் எங்கே குறுக்கிடுகிறது

இந்த இரண்டு ஏணிகளையும் மேலே ஒன்றாகக் கட்டுவது 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம். தேசிய சங்கங்கள் அரசிடம் பதிவுசெய்ய வேண்டும். தேசிய அணி வெளிநாடு போக அமைச்சரின் அனுமதி வேண்டும். சங்கத்தின் பதிவை இடைநிறுத்தவும், நிர்வாகத்தைக் கலைத்து இடைக்காலக் குழுவை நியமிக்கவும் அமைச்சருக்கு அதிகாரம் உண்டு.

சர்வதேசச் சம்மேளனங்களின் யாப்பு இதற்கு நேர் எதிராகப் பேசுகிறது. உறுப்புச் சங்கம் தன் அலுவல்களைச் சுயாதீனமாக நடத்த வேண்டும். அதன் நிர்வாகிகளை அதன் உறுப்பினர்களே தேர்வு செய்ய வேண்டும். வெளியார் நியமிக்கக் கூடாது. ஒரு சங்கம் இரண்டு எசமானர்களுக்கு முன்னால் நிற்கிறது. இங்கத்தைய சட்டத்தின்படி சரியான நடவடிக்கை அங்கத்தைய யாப்பின்படி மீறலாகிவிடும். 2023இல் நடந்தது இதுதான்.

உதைபந்தாட்டத்தில் ஜனவரி 14ஆம் திகதி நடந்த நிர்வாகத் தேர்தலை பீஃபா ஏற்கவில்லை. ஒரு வாரம் கழித்து, 21ஆம் திகதியிலிருந்து சம்மேளனம் இடைநிறுத்தப்பட்டது. ஜூனில் பெங்களூரில் தெற்காசியக் கிண்ணம் தொடங்கியபோது இலங்கை அணி அதில் இல்லை. ஓகஸ்ட் இறுதியில் தடை நீங்கியது. ஒக்டோபரில் உலகக் கிண்ணத் தகுதிகாணில் யேமனிடம் 3-0 என்று தோற்று, கொழும்பில் 1-1 என்று சமன் செய்து இலங்கை வெளியேறியது. ஏழு மாதம் சர்வதேசப் பந்தையே தொடாத அணியிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கிரிக்கெட்டில் எல்லாம் நாள் கணக்கில் நடந்தது. நவம்பர் 2ஆம் திகதி உலகக் கிண்ணத்தில் இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டு 302 ஓட்டங்களால் தோல்வி. 6ஆம் திகதி விளையாட்டுத்துறை அமைச்சர் ரொஷான் ரணசிங்க கிரிக்கெட் சபையைக் கலைத்து அர்ஜுன ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழுவை நியமித்தார். மறுநாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 9ஆம் திகதி நாடாளுமன்றம், கிரிக்கெட் சபையின் நிர்வாகம் விலக வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. 10ஆம் திகதி சர்வதேச கிரிக்கெட் பேரவை இலங்கையை இடைநிறுத்தியது. இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. தடை நீங்கியது 2024 ஜனவரி இறுதியில்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். கிரிக்கெட்டில் தேசிய அணி தொடர்ந்து ஆட அனுமதி கிடைத்தது. பணம் மட்டும் பேரவையின் கட்டுப்பாட்டில் போனது. உதைபந்தாட்டத்தில் சர்வதேச மட்டத்தில் எல்லாமே நின்றது. உலகச் சந்தையில் இலங்கைக் கிரிக்கெட்டுக்கு ஒரு விலை இருக்கிறது. உதைபந்தாட்டத்துக்கு அது இல்லை. மன்னாரிலும் முல்லைத்தீவிலும் பிள்ளைகள் அதிகம் ஆடுவது பாதுகாப்புக் குறைந்த அந்த விளையாட்டைத்தான்.

அமைச்சர் தலையிடுவது அப்படியென்ன பிழை?

சங்கங்களுக்குள் கணக்கு வழக்கில்லாமல் பணம் போவதையும், ஒரே ஆட்கள் மாறி மாறிக் கதிரையில் இருப்பதையும் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பு. சுயாதீனம் என்ற சொல் ஊழலுக்கு வேலியாகிவிடக் கூடாது. ஆனால் உலக அமைப்புகள் நிர்வாகத்தை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. யார் மாற்றுவது என்பதில்தான் அவர்களுடைய பிடிவாதம். பாகிஸ்தான் உதைபந்தாட்டத்துக்கு 2019இல் பீஃபாவே ஒரு சீராக்கல் குழுவை நியமித்தது. அமைச்சர் செய்தால் தலையீடு, தாங்கள் செய்தால் சீராக்கம் என்பது ஒருபக்கச் சாய்வுதான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் தேர்தலில் வெற்றிபெற்ற கட்சி மாறும்போதெல்லாம் விளையாட்டு நிர்வாகமும் மாறும் நாட்டில், அந்தச் சாய்வுக்கு ஒரு காரணம் இருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது.

இந்தியாவில் நடந்தது இன்னொரு மாதிரி. அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத்தை உச்ச நீதிமன்றம் நியமித்த குழு நிர்வகித்தபோது, 2022 ஓகஸ்டில் பீஃபா தடை விதித்தது. குழு விலக்கப்பட்டதும் இரண்டு கிழமைக்குள் தடை நீங்கியது. ஒக்டோபரில் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கிண்ணம் அங்கேயே நடந்தது. பின்பு 2025இல் அந்த நாடு தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. தகராறு வந்தால் போக ஒரு தீர்ப்பாயம், சங்கங்களை அங்கீகரிக்க ஒரு சபை என்று வழியை முன்கூட்டியே சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துவது பற்றி இங்கே பேசுபவர்கள் இதைக் கவனமாகப் பார்க்கலாம். ஒரு தனி மனிதரின் கையெழுத்தில் நிர்வாகம் கலையும் நிலை இருக்கும்வரை தடையும் திரும்பத் திரும்ப வரும்.

ஒரு நாட்டுக்கு ஒன்றுதானா?

ஆம், பொதுவாக ஒரு விளையாட்டுக்கு ஒரு சங்கத்தைத்தான் உலக அமைப்பு ஏற்கும். சங்கத்தின் உண்மையான பலம் பணத்தில் இல்லை, இந்தத் தனி அங்கீகாரத்தில் இருக்கிறது. வெளியே நின்று ஆட முடியாதா என்றால், ஆடலாம். புலம்பெயர் தமிழர்கள் அமைத்த தமிழீழ அணி 2012இல் குர்திஸ்தானில் நடந்த விவா உலகக் கிண்ணத்திலும், 2014இல் சுவீடனில் நடந்த கொனிஃபா உலகக் கிண்ணத்திலும் ஆடியது. பீஃபாவுக்கு வெளியே உள்ள அணிகளின் மேடை அது. ஆடியவர்களுக்கு அதன் பெறுமதி பெரிது. ஆனால் பீஃபாவின் தரவரிசையிலோ தகுதிகாண் போட்டிகளிலோ அந்த ஆட்டங்களுக்கு இடம் இல்லை.

இதே கணக்கு எங்கள் ஊர்ப் போட்டிகளுக்கும் பொருந்தும். கோடை விடுமுறைக்கு வெளிநாட்டு உறவுகள் வரும் காலத்தில் வன்னியில் அணிக்கு ஏழு பேர், ஒன்பது பேர் என்று சுற்றுப்போட்டிகளும் மென்பந்துக் கிரிக்கெட்டும் களைகட்டும். கிண்ணம் பெரியது, பரிசுத் தொகையும் நல்லது. அவற்றை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன். ஊரின் மைதானம் உயிரோடு இருப்பதற்கு அவையும் காரணம். ஆனால் லீக்கின் அனுமதி இல்லாமல் நடந்தால் அந்த வெற்றி எந்தப் பதிவிலும் ஏறாது. பல்கலைக்கழக விசேட அனுமதிக்கோ தொழிலுக்கோ விளையாட்டுச் சான்றிதழ் கேட்கும் இடத்தில், அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் முத்திரையைத்தான் முதலில் தேடுவார்கள்.

தடை விழுந்தால் எது நிற்கும், எது நிற்காது

ஊர்க் கழகங்கள் தங்களுக்குள் ஆடுவதை யாரும் நிறுத்துவதில்லை. பாடசாலைப் போட்டியும் விளையாட்டு விழாவும் நடக்கும், அவை வேறு ஏணி. அதனால்தான் "எங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று தோன்றுகிறது. பீஃபா தடை போன்ற முழுத் தடையில் நிற்பவை இவை:

1. எல்லா வயதுப் பிரிவுகளிலும் சர்வதேசப் போட்டிகள்.

2. உலக, ஆசிய அமைப்புகளின் பயிற்சி நெறிகள், நடுவர் வகுப்புகள்.

3. அபிவிருத்தி நிதி. 2023 முதல் 2026 வரையான காலத்துக்கு பீஃபா ஒவ்வொரு உறுப்புச் சங்கத்துக்கும் 80 இலட்சம் அமெரிக்க டொலர் வரை ஒதுக்கியது.

தனிநபர் விளையாட்டில் சில நேரம் ஒரு விலக்குக் கிடைக்கும். இந்திய ஒலிம்பிக் சங்கம் தடையில் இருந்தபோது, 2014 சொச்சி குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் இந்திய வீரர்கள் ஒலிம்பிக் கொடியின் கீழ் அணிவகுத்தார்கள். ஓட்டக்காரர் ஒருவர் கொடி இல்லாமலும் ஓடலாம். பதினொரு பேர் அணிக்கு அந்த வழி கிடையாது.

இழப்பு எல்லாருக்கும் சமமாகவும் விழாது. கொழும்பில் பெரிய கழகத்தில் இருப்பவருக்கு ஒரு பயிற்றுநர் வகுப்பு தள்ளிப்போனால் அடுத்த வருடம் போகலாம். கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் இரவு பஸ்ஸில் வந்து, விடுப்புப் போட்டு, கடன்பட்டு ஒரு வகுப்புக்கு வருபவருக்கு அந்த அடுத்த வருடம் பெரும்பாலும் வருவதில்லை. 19 வயதுப் பிரிவில் ஆடுகிறவருக்கு ஏழு மாதம் என்பது அந்தப் பிரிவில் மிச்சமிருக்கும் முழுக் காலமாகக்கூட இருக்கலாம்.

லீக்கின் வாக்கு

உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் பொதுச்சபையில் வாக்களிப்பவர்கள் லீக்குகளின் பிரதிநிதிகள். கொழும்பில் யார் தலைவராவது என்பதில் வன்னி லீக்குகளுக்கும் வாக்கு உண்டு. லீக்கின் நிர்வாகிகளைத் தேர்வது கழகங்கள். கழகத்தின் நிர்வாகத்தைத் தேர்வது அதன் உறுப்பினர்கள். ஆக, ஊர்க் கழகத்தின் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் கதிரையில் இருந்து கை உயர்த்துபவரிடமிருந்துதான் இந்தச் சங்கிலி தொடங்குகிறது. அந்தக் கூட்டத்துக்கு ஆட்கள் வராததால் பழைய நிர்வாகமே மறுபடி வந்துவிடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் கேட்கக்கூடிய கேள்விகள் சில:

1. எங்கள் கழகத்தின் இந்த வருடப் பதிவுக் கட்டணம் லீக்குக்குக் கட்டப்பட்டதா? பற்றுச்சீட்டு எங்கே?

2. எத்தனை வீரர்களின் படிவம் லீக்கில் இருக்கிறது? 16 வயதுக்கு உட்பட்டவர்களும் பெண்பிள்ளைகளும் அதில் எத்தனை பேர்?

3. சம்மேளனத் தேர்தலில் எங்கள் லீக் யாருக்கு வாக்களித்தது? அதைத் தீர்மானித்த கூட்டத்தின் குறிப்பு இருக்கிறதா?

4. கடைசியாக நடந்த நடுவர், பயிற்றுநர் வகுப்புகளுக்கு எங்கள் மாவட்டத்திலிருந்து யார் பெயர் போனது? அந்த அறிவித்தல் கழகத்துக்கு எந்தத் திகதியில் வந்தது?

நான்காவது கேள்விக்குப் பதில் வாங்கும்போது அறிவித்தல் கடிதத்தையே காட்டச் சொல்லுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதியும் கழகத்துக்குக் கடிதம் வந்த திகதியும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.